கீரிக்கு வரும்போது போர்வைத் துணி சேர்க்க

ஆகஸ்ட் 15 மடு மாதா திருநாளுக்கு வருகிறவர்கள் பலர் மன்னார்த் தீவுக்குள்ளும் வந்து, கீரி ஊரில் இருக்கிற சொந்தங்களைப் பார்த்து, மன்னார்க் கடைத்தெருவிலும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் திரும்புவார்கள். துண்டுத்துணி இணைத்துப் போர்வை தைக்கிறவர்கள் இந்தப் பயணத்தில் ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: முதலில் வீடுகளுக்குப் போங்கள், பிறகு கடைக்குப் போங்கள். நல்ல துணி வீடுகளில்தான் இருக்கிறது.

1. போனவுடன் துணி கேட்காதீர்கள். தேத்தண்ணி குடித்து, சுகம் விசாரித்து, பிள்ளைகள் குட்டிகளைப் பார்த்த பிறகு பேச்சை எடுங்கள். போன வருடம் பெரியம்மா தானாகவே றங்குப் பெட்டியைத் திறந்து, நீலக் கட்டம் போட்ட சாரம் ஒன்றை மடியில் விரித்தா. "இது உன்ர பெரியப்பா கடலுக்குப் போகேக்க கட்டினது, பிள்ளை." ஓரத்தில் தார் பட்ட கறை ஒன்று இருந்தது. அந்தக் கறையையும் சேர்த்துத்தான் சதுரம் வெட்டினேன். எந்தத் துணியானாலும் கத்தரிக்கோல் வைக்க முன் அனுமதி கேட்பது கட்டாயம்.

2. இடப்பெயர்வில் பெட்டியோடு எல்லாம் போன வீடுகள் இந்தத் தீவில் ஏராளம். 1990 ஒக்டோபரில் இங்கிருந்த முஸ்லிம் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. போர்க்காலத்தில் தமிழ்க் குடும்பங்களும் திரும்பத் திரும்ப இடம்பெயர்ந்தன. அப்படியான வீட்டில் பழைய துணி கேட்டு மனத்தை நோகவைக்கக் கூடாது. நீங்கள் கையோடு கொண்டுவந்த புதுத் துணியைக் கொடுத்து, அவர்கள் கையாலேயே ஒரு சதுரம் வெட்டித் தரச் சொல்லுங்கள்.

3. பழைய சாரத்தையும் சேலையையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். இருந்து எழும்பிய இடம் நூல்நூலாகத் தெரியும். இரண்டு பெருவிரலாலும் இழுத்துப் பார்க்கையில் பிரிந்தால் அந்தப் பகுதியை விட்டுவிடுங்கள். ஓரங்கள் பெரும்பாலும் பலமாக இருக்கும்.

4. அளவுக் கணக்கை எழுதிக்கொண்டு போங்கள். 100 சென்ரிமீற்றர் அகலமும் 120 நீளமும் உள்ள பிள்ளைப் போர்வைக்கு 10 சென்ரிமீற்றர்ச் சதுரங்கள் 120 வேண்டும். தையலுக்கு இடம்விட்டு ஒவ்வொன்றையும் 11.5 ஆக வெட்டுங்கள். பாதி நைந்த சாரத்திலும் 60, 70 சதுரம் தேறும். அடித்துணி 45 அங்குல அகலத்தில் ஒன்றரை மீற்றர் போதும். எங்கள் வெக்கைக்கு உள்ளே பஞ்சு வேண்டாம், பழைய பருத்திச் சேலையை மடித்து வைத்தால் சரி.

5. வெட்டுத்துண்டுகளை நிறுத்து விற்கிற கடைகளில் பருத்தியும் பொலியெஸ்டரும் கலந்து கிடக்கும். வீட்டுக்கு வந்து ஒரு நூலை உருவி, கவனமாகக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி கடதாசி எரிகிற மணத்தோடு மென்மையான சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும். ரீ-சேட் துணி போல இழுபடுகிறதை எடுக்கவே வேண்டாம், சதுரம் கோணிப்போகும்.

6. புதுத் துணியை வெட்ட முன் கழுவுங்கள், பருத்தி சுருங்கும். சிவப்பையும் கருநீலத்தையும் தனியே நனைத்து வெள்ளைத் துணியால் அழுத்திப் பாருங்கள். உப்புத் தண்ணீர் எல்லாச் சாயத்தையும் நிறுத்தாது. வெள்ளையில் நிறம் ஏறுவது நிற்கும்வரை அலசுங்கள். ஆகஸ்டில் சோளகக் காற்று அடிப்பதால் கொடியில் போட்ட துணி கெதியாகக் காயும்.

7. கடற்கரை ஊரில் ஊசி துருப்பிடிக்கும். மெசின் எண்ணெய் தொட்ட துணியில் குத்தி, மூடி இறுகிய போத்தலுக்குள் போடுங்கள். துருவேறிய ஊசி வெள்ளைத் துணியில் விடுகிற புள்ளி இலேசில் போகாது.

8. சொந்தக்காரர் கருவாடு கட்டித் தராமல் அனுப்ப மாட்டார்கள். அதைத் துணிப் பைக்குள் வைக்காதீர்கள்! துணிக்குப் பனையோலைப் பெட்டி நல்லது. காய்ந்த வேப்பிலை கொஞ்சம் போடுங்கள். தலைமன்னார் ரயில் 2015இல் மறுபடி ஓடத் தொடங்கியதால் கொழும்புப் பயணம் சுலபமாகிவிட்டது. ஆனாலும் திருநாள் நெரிசலில் ஒரு பெட்டிக்கு மேல் தூக்க முடியாது.

9. மெசின் இல்லையென்று விட்டுவிட வேண்டாம். கர்நாடகத்தில் வாழும் ஆபிரிக்க வழித்தோன்றல்களான சித்திப் பெண்கள், பழைய துணிகளை வெளி ஓரத்தில் தொடங்கி உள்நோக்கி ஓட்டத்தையலால் கையாலேயே தைக்கிறார்கள். வங்காளத்துக் காந்தாவும் பழைய சேலைகளை அடுக்கித் தைத்ததுதான்.

10. எந்தத் துண்டு யாருடையது என்று அன்றைக்கே ஒரு தாளில் எழுதிவிடுங்கள். ஊருக்குத் திரும்பிய பிறகு ஞாபகம் வராது. தைத்து முடித்ததும் போர்வையின் பின்பக்க மூலையில் அந்தப் பெயர்களையும் ஆண்டையும் நூலால் எழுதுங்கள். அடுத்த திருநாளுக்கு வரும்போது அதைக் கொண்டுவந்து, துணி தந்தவர்கள் மடியில் விரித்துக் காட்டுங்கள்.