நலவாழ்வுப் பாடம்: நெறிக்கு வந்த கருமச்சப் புற்றுநோய்

"நெறியிலும் பரவிவிட்டது" என்று வைத்தியர் சொன்னதும் பல குடும்பங்கள் எல்லாம் முடிந்தது என்று எண்ணிவிடுகின்றன. சிலர் கிளினிக்குக்குப் போவதையே நிறுத்திவிடுகிறார்கள். வேறு சிலர் இருக்கிற நகையையும் காணியையும் அடகு வைத்து, யார் எதைச் சொன்னாலும் அந்த மருந்தைத் தேடி ஓடுகிறார்கள். நோயாளியின் நாளைய நிலையை வைத்தியர்கள் எதைப் பார்த்துக் கணிக்கிறார்கள் என்று தெரிந்திருந்தால், இந்த இரண்டு வழியிலும் போகாமல் நிதானமாக முடிவெடுக்கலாம். இப்பாடத்தின் நோக்கம் அதுவே.

1. இது எவ்வகை நோய்?

நமது தோலுக்கு நிறம் கொடுக்கும் கலங்களில் உண்டாகும் புற்றுநோயை மெலனோமா என்பர். இங்கு கருமச்சப் புற்றுநோய் என்று அழைப்போம். அவுஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளில் வாழும் வெள்ளைத் தோலினரிடம் இது அதிகம். நம்மைப் போன்ற கறுத்த தோலினரிடம் இது அரிது. ஆனால் வரும்போது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகிய இடங்களிலேயே பெரும்பாலும் வருகிறது. முள்ளுக் குத்திய காயம், கால் ஆணி, நகம் நசிந்த கறுப்பு என்று எண்ணி நாட்களைக் கடத்திவிடுவது இதனால்தான். ஜமேக்காப் பாடகர் பொப் மார்லியின் கால்விரல் நகத்தின் கீழ் இருந்ததும் இந்நோயே. 1977இல் கண்டறியப்பட்டது, 1981 மே 11இல் தமது 36ஆவது வயதில் அவர் காலமானார்.

2. நெறிக்கு எப்படி வருகிறது?

வயலில் மேலதிக நீர் வடிகால் வழியே ஓடுவது போல, உடலின் இழையங்களிலிருந்து நிணநீர் மெல்லிய குழாய்கள் வழியே ஓடுகிறது. இடையிடையே அதை வடிகட்டும் சிறு முடிச்சுகளே நிணநீர்க் கணுக்கள். அவை வீங்கினால் "நெறி கட்டியிருக்கிறது" என்கிறோம். காலிலுள்ள புற்றுநோய் பெரும்பாலும் முதலில் கவட்டு நெறிக்கும், கையிலுள்ளது கமக்கட்டு நெறிக்கும் வருகிறது. (காலில் சாதாரணப் புண் இருந்தாலும் நெறி கட்டும். ஆகவே எல்லா நெறியும் புற்றுநோய் அல்ல.)

நோய் முதலில் வந்து சேரும் கணுவைக் காவற்கணு எனலாம். நீலச் சாயம் ஏற்றி அதனைக் கண்டுபிடித்து, அதை மட்டும் எடுத்துச் சோதிக்கும் முறையை அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் டொனால்ட் மோட்டனும் அவரது குழுவினரும் 1992இல் வெளியிட்டனர். கைக்குத் தட்டுப்படாத நோயையும் இதனால் அறிய முடிகிறது.

3. எவற்றைப் பார்த்துக் கணிக்கிறார்கள்?

கதிர் தள்ளிய வயலைப் பார்த்து விளைச்சலை மதிப்பிடும் கமக்காரர் ஒரு கதிரை மட்டும் பார்ப்பதில்லை. வைத்தியரும் அப்படியே பலவற்றைச் சேர்த்துப் பார்க்கிறார்.

அ) எத்தனை கணுக்கள்: ஒன்றா, இரண்டு மூன்றா, நான்கோ அதற்கு மேலோ?

ஆ) எப்படித் தெரிந்தது: நுணுக்குக்காட்டியில் மட்டும் தெரிந்ததா, கையால் தடவும்போதோ ஸ்கானிலோ முன்பே தெரிந்ததா? முன்னையது நல்ல அறிகுறி.

இ) தோலில் இருந்த முதற் கட்டியின் தடிப்பு: இதை மில்லிமீற்றரில் அளக்கும் முறையை 1970இல் அலெக்சாண்டர் பிரெஸ்லோ என்ற வைத்தியர் காட்டினார். 1 மில்லிமீற்றருக்கும் 4 மில்லிமீற்றருக்கும் இடையில் பெரிய வேறுபாடு உண்டு.

ஈ) கட்டியின் மேற்றோல் புண்ணாகி உடைந்திருந்ததா?

உ) முதற் கட்டிக்கும் நெறிக்கும் இடைப்பட்ட தோலில் சிறு கட்டிகள் உண்டா?

4. எண்கள் கூறுவது

நெறிக்கு வந்த நோயை மூன்றாம் நிலை என்பர். 2017இல் வெளியான சர்வதேச வகைப்படுத்தல் இதனை நான்காகப் பிரித்தது. ஐந்து ஆண்டுகளின் பின் இந்நோயால் இறவாமல் இருந்தவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்பது வருமாறு:

மூன்று-ஏ: 93
மூன்று-பி: 83
மூன்று-சி: 69
மூன்று-டி: 32

மெல்லிய கட்டியோடு, நுணுக்குக்காட்டியில் மட்டும் தெரிந்த ஒன்று முதல் மூன்று கணுக்கள் உள்ளவர்கள் முதல் வகையினர். 4 மில்லிமீற்றருக்கு மேல் தடித்து உடைந்த கட்டியோடு, நான்கோ அதற்கு மேலோ கணுக்களில் நோய் உள்ளவர்கள் கடைசி வகையில் அடங்குவர். "நெறிக்கு வந்துவிட்டது" என்ற ஒரே வசனத்துக்குள் எவ்வளவு பெரிய வேறுபாடு அடங்கியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

5. எண்கள் கூறாதவை

இவை ஒரு கூட்டத்தைப் பற்றிய எண்கள். ஒரு தனி ஆளின் சாதகம் அல்ல. நூறு பேரில் 32 பேர் என்றால், அந்த 32 பேரில் உங்கள் ஆள் ஒருவரா என்று எந்த எண்ணாலும் சொல்ல முடியாது.

மேலும், இக்கணக்கு அமெரிக்கா, ஐரோப்பா, அவுஸ்திரேலியா ஆகிய இடங்களின் பெரிய சிகிச்சை நிலையங்களில் எடுக்கப்பட்டது. அவர்களில் மிகப் பெரும்பாலானோர் வெள்ளைத் தோலினர். உள்ளங்காலில் வரும் வகை பிந்தியே கண்டறியப்படுவதாலும், புதிய மருந்துகளுக்கு அவ்வளவாக இணங்காததாலும், இந்த எண்களை நமக்கு அப்படியே பொருத்துவது சரியன்று.

6. சிகிச்சை மாற, கணிப்பும் மாறும்

முன்னர் காவற்கணுவில் நோய் இருந்தால் அவ்விடத்துக் கணுக்கள் அனைத்தையும் வெட்டி எடுப்பது வழக்கம். அப்படிச் செய்வதால் ஆயுள் கூடுவதில்லை என்று 2017இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. எல்லாவற்றையும் எடுத்தவர்களில் நூற்றுக்கு 24 பேருக்குக் கை அல்லது கால் வீக்கம் வந்தது. ஸ்கான் செய்து கவனித்து வந்தவர்களில் 6 பேருக்கே வந்தது. வயலில் இறங்கி நிற்க வேண்டியவருக்கு இது சிறிய விடயமன்று.

உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்துகளும் வந்துள்ளன. இவற்றுக்கு அடிப்படையான கண்டுபிடிப்புக்காக ஜேம்ஸ் அலிசன், தசுக்கு ஹொஞ்சோ ஆகிய இருவருக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. வெளிப்படையாகத் தெரியும் அளவுக்கு நெறியில் நோய் இருந்தவர்களுக்குச் சத்திரசிகிச்சைக்கு முன்பே இப்பிலிமுமாப், நிவோலுமாப் என்ற இரு மருந்துகளையும் கொடுத்த ஆய்வு 2024இல் வெளியானது. ஓர் ஆண்டு முடிவில் நோய் முற்றாமலும் திரும்பாமலும் இருந்தோர் நூற்றுக்கு ஏறக்குறைய 84 பேர். முதலில் சத்திரசிகிச்சை செய்து, பின்னர் மருந்து பெற்றவர்களில் இது 57. எடுத்த நெறியில் உயிருள்ள புற்றுக்கலங்கள் எவ்வளவு எஞ்சியிருக்கின்றன என்பதும் இப்போது நல்லதொரு முன்கணிப்பாகிவிட்டது. ஆனால் இம்மருந்துகள் மிக விலை கூடியவை, எல்லோருக்கும் எட்டுவதில்லை, கடுமையான பக்கவிளைவுகளும் உண்டு. ஆகவே கடன்படுவதற்கு முன் வைத்தியரிடம் விபரமாகக் கேளுங்கள்.

7. நாம் செய்யக்கூடியவை

• உள்ளங்கால், விரலிடுக்கு, நகம் ஆகியவற்றை மாதம் ஒருமுறை வெளிச்சத்தில் பாருங்கள். வயதானவர்களுக்குப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லுங்கள். பெருத்துவரும் கறுப்பு, நகத்தில் அகலமாகும் கறுத்த கோடு, ஆறாத புண் ஆகியவற்றை வைத்தியரிடம் காட்டுங்கள்.

• அதைச் சுடவோ, வெட்டவோ, காரமான மருந்து கட்டவோ வேண்டாம்.

• இழையச் சோதனை அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள். தடிப்பு, புண், கணுக்களின் எண்ணிக்கை யாவும் அந்த ஒரு தாளில்தான் இருக்கின்றன. வெட்டி எடுத்த கட்டியை மறுபடி அளக்க வருவது எளிதன்று. இடம்பெயர்ந்து வாழும் நாம், காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் போல அதையும் பொலித்தீன் உறையிலிட்டுக் கையோடு வைத்திருக்க வேண்டும். ஒரு பிரதியை உறவினர் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.

• வேறிடத்துக்குப் போக நேர்ந்தால், புதிய இடத்தின் கிளினிக்குக்கு அறிக்கையோடு விரைவில் செல்லுங்கள். நோய் திரும்புவது பெரும்பாலும் முதற் சில ஆண்டுகளிலேயே.

கூடிப் பேசுவதற்கு

1. "எத்தனை கணு? எத்தனை மில்லிமீற்றர்? புண்ணாகி இருந்ததா?" இம்மூன்று கேள்விகளையும் வைத்தியரிடம் கேட்க நமக்கு என்ன தயக்கம்?

2. நோயாளி தன் நிலையை அறிய விரும்பினால், வீட்டார் மறைப்பது சரியா?

3. நமது வீட்டில் மருத்துவத் தாள்கள் எங்கே இருக்கின்றன? இன்றிரவே புறப்பட நேர்ந்தால் அவை கைக்கு வருமா?