ஆசிய ஜோதியின் மூலநூலாசிரியர் எட்வின் ஆர்னால்டு

கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் "ஆசிய ஜோதி"யை நம்மில் பலர் மனப்பாடமாக அறிவர். அதற்கு மூலமான ஆங்கில நூலை இயற்றியவர் யாவர் என வினவின் விடை கூறுவார் சிலரே.

எட்வின் ஆர்னால்டு 1832இல் இங்கிலாந்தின் கிரேவ்செண்டில் பிறந்தார். ஆக்ஸ்போர்டில் பயின்று, பூனாக் கல்லூரியின் தலைவராக வந்து வடமொழி கற்றார். 1861இல் தாயகம் மீண்டு "டெய்லி டெலிகிராப்" நாளிதழிற் சேர்ந்தார். இதோபதேசம், கீத கோவிந்தம், பகவத்கீதை ஆகியவற்றை ஆங்கிலத்தில் தந்தார். ஏசுவைக் குறித்தும் காவியம் செய்தார். ஆதலின் அவரை நம் சமயத்தவர் என்று உரிமை கொண்டாடுதல் பொருந்தாது.

1879இல் வெளிவந்த "லைட் ஆப் ஆசியா" பத்திரிகைப் பணிக்கிடையே கிடைத்த சிறு சிறு பொழுதுகளில் எழுதப்பட்டதாம். இரவு ஷிப்டு முடிந்து வந்து எழுத்துக்கூட்டிப் படித்த எமக்கு இச்செய்தி பெருந்தெம்பு அளித்தது.

அந்நூலின் ஆறாம் பகுதியில் ஓர் இடைச்சிறுவன் வருகின்றான். கடுந்தவத்தால் சோர்ந்து வீழ்ந்த சித்தார்த்தர் அவனிடம் பால் கேட்கின்றார். தான் சூத்திரன், தன் கை பட்டால் தீட்டாகும் என்று அவன் அஞ்சுகின்றான். குருதிக்கும் கண்ணீருக்கும் சாதியில்லை என விளக்கி, அவன் தந்த பாலை அவர் பருகுகின்றார். இவ்விடத்தைப் படிக்குந்தோறும் எம் கண்கள் கலங்கும்.

முன்னொரு கூட்டத்தில் அவ்வாசகங்களைப் பகவன் திருவாக்கென்றே யாம் முழங்கினோம். முதியவர் ஒருவர் எழுந்து, "ஐயா, இஃது எந்தச் சுத்தத்தில் உள்ளது?" என்று வினவினார். விடை கூற இயலாது வாய்மூடி நின்றோம். பின்னரே உணர்ந்தோம்: கருத்து தம்மத்தினது, சொற்கள் ஆர்னால்டினுடையவை. பிறப்பால் எவனும் இழிந்தவனாகான், செயலாலேயே ஆவான் என்னும் போதனைக்குச் சுத்த நிபாதத்து வசல சுத்தமே சான்று. மாற்றார் கேட்குங்கால் அதனையே காட்டுதல் வேண்டும். காவியம் நெஞ்சை இளக்கும். சான்றுக்கு நிற்பது சுத்தம்.

பிறிதொரு கடனும் அவர்க்கு நாம் பட்டுள்ளோம். புத்தகயையை நேரிற் கண்டு மனம் வருந்திய அவர், அது பௌத்தர் கைக்கு மீளவேண்டுமென எழுதினார். அவ்வெழுத்தே அநகாரிக தர்மபாலரை 1891இல் அங்கு செல்லத் தூண்டியது. 1949ஆம் ஆண்டுச் சட்டமும் கோயில் நிர்வாகக் குழுவில் பௌத்தர்க்குப் பங்குதான் அளித்தது. முழு உரிமை அளிக்கவில்லை. ஆர்னால்டோ, இறுதிக் காலத்தில் கண்பார்வை இழந்தும் எழுத்துப்பணி விடாதவராய், 1904இல் மறைந்தார்.

அடுத்த படிப்பு வட்டத்தில் இடைச்சிறுவன் பகுதியையும் வசல சுத்தத்தையும் அருகருகே வைத்து வாசிப்போம். அன்பர்கள் இரு நூல்களையும் உடன் கொணர்க.