கோமாளி மாமா வந்த நாள்



இந்தப் பக்கத்தில் சேமிப்பு, கடன், தவணை பற்றித்தான் அதிகம் பேசுகிறோம். இந்த மாதப் பாடம் நம் பிள்ளைகளின் பயத்தைப் பற்றியது. இதிலும் ஒரு தவணைக் கதை இருக்கிறது. குழுவில் ஒருவர் சத்தமாகப் படிக்க, மற்றவர்கள் கேளுங்கள்.

என்ன நடந்தது?

ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு கிராமம். அங்குள்ள அங்கன்வாடிக்குக் கோமாளி வேடம் போடும் ஒரு கலைஞரை அழைத்துப் போனேன். திருவிழாவிலும் பிறந்தநாள் வீட்டிலும் குழந்தைகளைச் சிரிக்க வைப்பவர். ஏற்பாடு முழுக்க என்னுடையது. பிள்ளைகள் திடீரென்று பார்த்து சந்தோஷப்படட்டும் என்று, முன்கூட்டியே எதுவும் சொல்ல வேண்டாம் என டீச்சரிடம் கேட்டுக்கொண்டேன்.

முகம் முழுக்க வெள்ளைச் சாயம், சிவப்பு மூக்கு, கலர் முடி. தகரத்தைத் தட்டிக்கொண்டே அவர் உள்ளே குதித்தார். பெரிய பிள்ளைகள் நாலைந்து பேர் கை தட்டினார்கள். மற்ற பிள்ளைகள் அப்படியே உறைந்து போனார்கள். மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று வீறிட்டுக் கத்தி, ஆயாம்மாவின் சேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. சமாதானப்படுத்த அவர் பக்கத்தில் வர வர, அழுகை கூடியது. "கொஞ்ச நேரத்துல சரியாயிடும், நீங்க நடத்துங்க" என்று நான் சொன்னேன். அது என் தவறு.

அதன்பிறகு எட்டு நாள் அந்தக் குழந்தை அங்கன்வாடிக்கு வரவில்லை. வாசலைப் பார்த்தாலே அழுகை. அதன் அம்மா தக்காளித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறவர். பிள்ளையை விட இடமில்லாமல் வீட்டிலேயே இருந்துவிட்டார். குழுக் கூட்டத்தில் அந்த அக்கா எழுந்து சொன்னார்:

"மேடம், நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க. ஆனா எனக்கு எட்டு நாள் கூலி போச்சு. இந்த மாசத் தவணைக்குக் காசு இல்ல."

எனக்குத் தலை நிமிரவில்லை. குழு அவருக்கு அபராதம் இல்லாமல் ஒரு மாதம் தள்ளிக் கொடுத்தது.

ஏன் பயந்தது?

குழந்தையின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அப்போது பாட்டி சொன்னார்: "சோறு திங்கலேன்னா கோமாளி வந்து சாக்குல போட்டுத் தூக்கிட்டுப் போயிருவான்னு நாந்தான் தாயி தினம் சொல்லுவேன்."

பாட்டி சொன்ன ஆளே நேரில் வந்து நின்றால் பிள்ளை என்ன செய்யும்?

இன்னொரு காரணமும் உண்டு. சிறு பிள்ளைகள் முகத்தைப் பார்த்துத்தான் ஆளை அறிகிறார்கள். சாயமோ முகமூடியோ முகத்தை மறைத்தால், சிரிக்கிறாரா கோபப்படுகிறாரா என்று தெரிவதில்லை. இரண்டு மூன்று வயதில் எது வேடம், எது நிஜம் என்று பிரித்துப் பார்க்கவும் வராது. இது பிடிவாதமோ கோழைத்தனமோ இல்லை. அந்த வயதின் இயல்பு.

இரண்டாவது முறை

விஷயம் கேட்டுக் கலைஞரும் வருந்தினார். "காசே வேணாம் மேடம், இன்னொரு தடவை வர்றேன்" என்றார். குழு ஒத்துக்கொள்ளவில்லை. "கூலிக்குப் போற நமக்குத் தெரியாதா? ஒரு நாள் வேலைக்கு ஒரு நாள் கூலி" என்று சொல்லி, கூலியும் பஸ் செலவும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

இந்த முறை டீச்சர் இரண்டு நாள் முன்பே பிள்ளைகளிடம் சொல்லி வைத்தார். கலைஞர் வேட்டி சட்டையோடு வந்து தரையில் உட்கார்ந்தார். பையிலிருந்து கண்ணாடியும் சிவப்பு மூக்கும் எடுத்தார். மூக்கைப் பிள்ளைகளிடம் கொடுத்துத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். பிறகு அவர்கள் கண் முன்னாலேயே கன்னத்தில் ஒரே ஒரு பொட்டு வைத்துக்கொண்டார். வெள்ளைச் சாயம் பூசவே இல்லை.

அந்தக் குழந்தை வாசல் பக்கம் அம்மா மடியில் இருந்தது. யாரும் உள்ளே இழுக்கவில்லை. கலைஞர் சிவப்பு மூக்கைக் காதில் வைத்தார், பிறகு முழங்காலில் வைத்தார், "எங்கே வைக்கணும்னு மறந்து போச்சே" என்று விழித்தார். பிள்ளைகள் சிரித்துக் கத்தினார்கள். சத்தம் அடங்கியபோது வாசல் பக்கமிருந்து ஒரு சின்னக் குரல்: "மூக்குல வைங்க மாமா."

மறுநாளும் கொஞ்சம் அழுகை இருந்தது. ஆனால் உள்ளே போனது. அம்மா வேலைக்குப் போனார்.

உங்கள் ஊருக்குக் கலைஞரை அழைத்தால்

1. டீச்சர், பெற்றோர், பிள்ளைகள் மூவருக்கும் முன்பே சொல்லுங்கள்.
2. வேடத்தைப் பிள்ளைகள் முன்னால் போடச் சொல்லுங்கள். முகம் மறைக்கும் முகமூடி, வெடிச் சத்தம், நெருப்பு வித்தை வேண்டாம்.
3. இருபது, இருபத்தைந்து நிமிடம் போதும்.
4. பயப்படும் பிள்ளையைக் கேலி செய்யாதீர்கள். தூரத்தில் மடியில் இருந்து பார்க்கட்டும். போக விரும்பினால் வெளியே அழைத்துப் போங்கள்.
5. உடைந்த பலூன் துண்டு, பாசிமணி, கெட்டி மிட்டாய் மூன்றும் சிறு பிள்ளைகளின் தொண்டையில் அடைக்கும். கைக்கு எட்ட விடாதீர்கள்.
6. எவ்வளவு தெரிந்தவரானாலும் வெளியாள் ஒருவருடன் பிள்ளைகளைத் தனியே விடக்கூடாது. டீச்சரோ ஆயாம்மாவோ கூடவே இருக்க வேண்டும். பெற்றோர் சம்மதம் இல்லாமல் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட வேண்டாம். சந்தேகப்படும்படி ஏதும் நடந்தால் 1098 என்ற இலவச எண்ணுக்குப் பேசலாம்.

"இந்தக் கூத்தெல்லாம் எதுக்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். பால்வாடி என்றால் முட்டையும் சாதமும் மட்டும் இல்லை. 1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் ஆறு சேவைகளில் முன்பருவக் கல்வியும் ஒன்று. அந்த வயதில் ஆட்டம், பாட்டு, கதைதான் கல்வி. பேச்சும் தைரியமும் அதில்தான் வளரும்.

வீட்டில் செய்ய

பழைய காலுறையில் இரண்டு பொத்தானை இறுக்கித் தைத்தால் கைப்பொம்மை தயார். பிள்ளை சாப்பிட மறுத்தால் பொம்மையை "எனக்கு ஒரு வாய் தாயேன்" என்று கேட்க வையுங்கள். பூச்சாண்டி, போலீஸ், ஊசி போடும் டாக்டர் என்று மிரட்டாதீர்கள். அந்த நேரத்துக்குச் சோறு இறங்கும். ஆனால் நாளைக்கு உதவிக்கு ஓட வேண்டிய ஆளைக் கண்டே பிள்ளை ஒளிந்துகொள்ளும்.

குழுக் கூட்டத்தில் பேச

• சிறு வயதில் உங்களை எதைச் சொல்லிப் பயமுறுத்தினார்கள்? அந்தப் பயம் எப்போது போனது?
• உங்கள் வீட்டில் இன்று பிள்ளையை எதைச் சொல்லி மிரட்டுகிறீர்கள்? அதற்குப் பதில் என்ன சொல்லலாம்?
• உங்கள் ஊர் அங்கன்வாடியில் கதை சொல்லக்கூடிய, பொம்மை ஆட்டக்கூடிய உறுப்பினர் யார்?

உங்கள் பதில்களைத் தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது நான் கேட்கிறேன்.

அன்புடன்,
உங்கள் கள ஒருங்கிணைப்பாளர்