லீ சோங் வெய்க்கு விடை கொடுக்கும்போது

ஈப்போ,
15.6.2019

அன்பு மருமகனுக்கு,

மாமா எழுதுவது. வியாழக்கிழமை புத்ராஜெயாவில் பூப்பந்து வீரர் லீ சோங் வெய் கண்கலங்க ஓய்வை அறிவித்ததைப் பார்த்துவிட்டு நீ அனுப்பிய செய்தி கிடைத்தது. "அழுகையும் வருது, ஆத்திரமும் வருது மாமா. 19 வருஷம் நாட்டுக்கு ஆடியும் ஓர் ஒலிம்பிக் தங்கம் இல்லையே" என்று எழுதியிருந்தாய். இரண்டும் வரட்டும். ஒன்றைக் கொண்டு இன்னொன்றை மூடாதே. ஆனால் கணக்கை முழுசாகப் போட்டுவிட்டு அழு, முழுசாகப் போட்டுவிட்டுக் கோபப்படு.

முதலில் வரவு. அவர் பிறந்தது நம் பேராக்கின் பாகான் செராயில், 1982-இல். வளர்ந்தது புக்கிட் மெர்தாஜாமில். சின்ன வயதில் மனம் போனதென்னவோ கூடைப்பந்தின் மேல்தான். வெட்டவெளித் திடலில் பிள்ளை வெயிலில் காய்கிறானே என்று அம்மா தடுத்துவிட்டார். 11 வயதில் அப்பா பூப்பந்து மண்டபத்துக்குக் கூட்டிப் போனார். 17 வயதில் பயிற்சியாளர் மிஸ்புன் சீடேக் தேசிய அணிக்கு எடுத்துக்கொண்டார். அதன்பின் மொத்தம் முந்நூறு வாரத்துக்கும் மேல் உலகின் முதல் இடம், அதில் 199 வாரம் இடைவிடாமல். பட்டங்கள் 69. மலேசியப் பொதுப் போட்டியை மட்டும் 12 முறை வென்றார்.

இனி பற்று. 2008 பெய்ஜிங், 2012 லண்டன், 2016 ரியோ: மூன்று ஒலிம்பிக், மூன்றிலும் வெள்ளி. உலகப் போட்டியிலும் தங்கம் கிட்டவில்லை; 2011-இல் வெற்றிப் புள்ளிவரை போய் சீனாவின் லின் டானிடம் தோற்றார். லண்டன் இறுதியாட்டத்தை நம் வீட்டுக் கூடத்தில்தான் பார்த்தாய். பத்து வயசு உனக்கு. மூன்றாவது ஆட்டத்தின் கடைசிப் புள்ளிகளில் தலையணையை முகத்தில் அழுத்திக்கொண்டு, "முடிஞ்சுதா மாமா, ஜெயிச்சாச்சா?" என்று கேட்டாய். 19-21. பதில் சொல்ல மாமாவுக்கு வாய் வரவில்லை.

ஊக்கமருந்து விவகாரத்தையும் பற்றிலேயே எழுது, மறைக்காதே. 2014 உலகப் போட்டியின்போது எடுத்த மாதிரியில் டெக்ஸாமெத்தசோன் இருந்தது. ஏமாற்றும் எண்ணம் அவருக்கு இல்லை, ஆனால் கவனக்குறைவு உண்டு என்று விசாரணைக் குழு சொன்னது. எட்டு மாதத் தடை, அந்தப் போட்டியில் வாங்கிய வெள்ளிப் பதக்கமும் பறிபோனது. பிடித்த ஆட்டக்காரர் என்பதற்காக இதைப் பேசாமல் விடுவதும் தப்பு, இந்த ஒன்றை வைத்தே அவர் வாழ்நாள் ஆட்டத்தை எடைபோடுவதும் தப்பு.

தோற்றவரை எப்படிப் பார்ப்பது என்பதற்கு ஒரு பழைய கதை. அந்தக் காலத்தில் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். பால் வெட்டி, எடுத்து, ஸ்டோரில் கொட்டிவிட்டு வந்த ஆட்கள் சாயங்காலம் லயத்து முன்னால் சுண்ணாம்பால் கோடு போடுவார்கள். இரண்டு மூங்கிலுக்கு நடுவே வலை. இறகு பாதி உதிர்ந்த பந்து. அடிக்கு அடி அவர்கள் வாயில் வந்த பேர் பஞ்ச் குணாளன். 1971-இல் பேராக்கின் இங் பூன் பீயோடு சேர்ந்து அகில இங்கிலாந்து இரட்டையர் பட்டம் வென்றவர். 1974-இல் கிறைஸ்ட்சர்ச் காமன்வெல்த் போட்டியில் தங்கம் வாங்கினார். அதே ஆண்டு அகில இங்கிலாந்து ஒற்றையர் இறுதியில் இந்தோனேசியாவின் ரூடி ஹார்த்தோனோவிடம் தோற்றார். தோட்டத்தில் யாரும் அவரைக் குறைத்துப் பேசவில்லை. "ஹார்த்தோனோ கிட்டதானே தோத்தாரு" என்று சொல்லிவிட்டு மறுபடி மட்டையைத் தூக்கினார்கள். இன்று அங்கே ரப்பரும் இல்லை, லயமும் இல்லை, செம்பனைதான் நிற்கிறது. அந்தப் பேச்சு மட்டும் மாமா காதில் இருக்கிறது.

சோங் வெய் தோற்றதும் சாமானியரிடம் அல்ல. லின் டானோடு மோதிய 40 ஆட்டங்களில் 28 தோல்வி. ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் அடுத்த ஆட்டத்துக்கு வந்து நின்றார். ரியோ அரையிறுதியில் முதல் ஆட்டத்தை 15-21 என்று விட்டுக்கொடுத்து, 21-11, 22-20 என்று வென்றார். முடிந்ததும் இருவரும் கட்டிப்பிடித்துச் சட்டையை மாற்றிக்கொண்டார்கள்.

போன ஜூலையில் மலேசியப் பொதுப் போட்டியை வென்றபோது வயது 35. கொஞ்ச நாளில் மூக்குப் புற்றுநோய் தெரிந்தது. தைவானில் சிகிச்சை முடித்துத் திரும்பி வந்து, தோக்கியோ ஒலிம்பிக் ஆசையில் மறுபடி பயிற்சியில் இறங்கினார். மருத்துவர்கள் வேண்டாம் என்ற பிறகுதான் நிறுத்தினார். 'தங்கம் வாங்காமலேயே போகிறாரே' என்று இந்த ஓய்வின் மேல் ஆத்திரப்படுவது நியாயமில்லை, தம்பி. தங்கம் நம்முடைய ஆசை. அதைத் தர வேண்டிய கடன் அவருக்கு இருந்ததில்லை.

இன்னொன்று. வட்டாரப் பூப்பந்துப் போட்டி அரையிறுதியில் தோற்றதிலிருந்து மூன்று வாரமாக நீ பயிற்சிக்குப் போகவில்லை என்று உன் அம்மா போனில் சொன்னாள். சோங் வெய் மேல் உனக்கு இருக்கும் கோபத்தில் பாதி உன் மேலேயே இருக்கிற கோபம் என்று மாமாவுக்குப் படுகிறது. யோசித்துப் பார்.

அடுத்த சனிக்கிழமை தைப்பிங்கில் ரயில் ஏறி இங்கே வா. ரியோ அரையிறுதியை முதல் புள்ளியிலிருந்து கடைசிவரை சேர்ந்து பார்ப்போம். மட்டையை மறக்காமல் எடுத்து வா. மறுநாள் காலை மண்டபத்தில் இடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
மாமா