கம்ப்யூட்டருக்குள் ஒரு நியூரான்: கணக்குப் போட்டால் உணர்வு வருமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள், இணைய இணைப்பு கிடைத்தவுடன் ஆர்வத்தோடு முயன்று பார்ப்பது சாட் புரோகிராம்களைத்தான். கேட்ட கேள்விக்குப் பதில் தருகிறது. விண்ணப்பக் கடிதம் எழுதித் தருகிறது. மனக்கஷ்டத்தைச் சொன்னால், "உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது" என்றும் சொல்கிறது. அந்த வரியைப் படித்தவுடன் பலருக்கும் ஒரு கேள்வி எழும். புரிகிறது என்று சொல்வது யார்? பெட்டிக்குள் யாராவது இருக்கிறார்களா?

இந்தக் கேள்விக்கு விடை தேடும் முன், இத்தகைய புரோகிராம்கள் எப்படி இயங்குகின்றன என்பதைத் தெரிந்து கொள்ள வேண்டும். பயப்பட வேண்டாம். கூட்டலும் பெருக்கலும் தெரிந்தால் போதும். ஒரு பேப்பரும் பென்சிலும் எடுத்துக் கொள்ளுங்கள்.

மூளை தந்த யோசனை

நம் மூளையில் சுமார் 8,600 கோடி நியூரான்கள் என்னும் நரம்புச் செல்கள் உள்ளன. ஒவ்வொரு நியூரானும் ஆயிரக்கணக்கான மற்ற நியூரான்களிடமிருந்து சிக்னல்களைப் பெறுகிறது. வந்து சேரும் சிக்னல்களின் மொத்த பலம் ஓர் அளவைத் தாண்டினால், அதுவும் ஒரு சிக்னலை அனுப்புகிறது. தாண்டாவிட்டால் சும்மா இருக்கிறது. எல்லா இணைப்புகளுக்கும் ஒரே பலம் இல்லை. சில பலமானவை, சில பலவீனமானவை. சில இணைப்புகள் எதிராக வேலை செய்து, சிக்னல் அனுப்ப விடாமல் தடுக்கும். நாம் ஒன்றைக் கற்றுக் கொள்ளும்போது இந்த இணைப்புகளின் பலம் மாறுகிறது.

1943ஆம் ஆண்டில் வாரன் மெக்கலக், வால்டர் பிட்ஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், இதனை எளிய கணக்காக எழுதிக் காட்டினர். 1958ல் பிராங்க் ரோசன்பிளாட் என்ற உளவியல் அறிஞர், அந்தக் கணக்கைக் கற்றுக் கொள்ளும் இயந்திரமாக மாற்றினார். அதன் பெயர் பெர்செப்ட்ரான்.

நாமே ஒரு நியூரான் செய்வோம்

நம் நியூரானுக்கு இரண்டு உள்ளீடுகள். ஒவ்வொன்றும் 0 அல்லது 1 ஆக இருக்கும். ஒவ்வொரு இணைப்புக்கும் ஓர் எடை உண்டு. உள்ளீட்டை அதன் எடையால் பெருக்கி, இரண்டையும் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை 2 அல்லது அதற்கு மேல் இருந்தால் விடை 1. இல்லாவிட்டால் விடை 0. தொடக்கத்தில் இரண்டு எடைகளும் 0 என்று வைத்துக் கொள்வோம்.

கற்றுத் தரும் விதி இதுதான்:

* விடை சரியாக இருந்தால் எதையும் மாற்ற வேண்டாம்.
* 1 வர வேண்டிய இடத்தில் 0 வந்தால், எந்த உள்ளீடு 1 ஆக இருந்ததோ அதன் எடையில் 1 கூட்டவும்.
* 0 வர வேண்டிய இடத்தில் 1 வந்தால், அதே போல 1 கழிக்கவும்.

முதல் பாடமாக, வீட்டின் காலிங் பெல்லை எடுத்துக் கொள்வோம். முன்வாசலில் ஒரு பட்டன், பின்வாசலில் ஒரு பட்டன். எதை அழுத்தினாலும் மணி அடிக்க வேண்டும். முன்வாசல் பட்டனை மட்டும் அழுத்துகிறோம். எடை 0 என்பதால் கூட்டுத்தொகை 0. மணி அடிக்கவில்லை. இது தவறு. எனவே முன்வாசல் எடை 1 ஆகிறது. அடுத்து பின்வாசல் பட்டன் மட்டும். அதுவும் தவறு. அந்த எடையும் 1 ஆகிறது. இரண்டையும் சேர்த்து அழுத்தினால் கூட்டுத்தொகை 2. மணி அடிக்கிறது. சரி.

இரண்டாவது சுற்று. முன்வாசல் மட்டும் அழுத்தினால் 1 தான் வருகிறது, போதவில்லை. எடை 2 ஆகிறது. பின்வாசலும் அவ்வாறே 2 ஆகிறது. மூன்றாவது சுற்றில் எல்லா விடைகளும் சரி. நான்கே திருத்தங்களில் நம் நியூரான் காலிங் பெல்லைக் கற்றுக் கொண்டு விட்டது!

இப்போது எடைகளை மீண்டும் 0 ஆக்கி, வேறு பாடம் கற்றுத் தருவோம். மெயின் ஸ்விட்ச், பேன் ஸ்விட்ச் இரண்டும் போட்டிருந்தால் மட்டுமே பேன் சுற்ற வேண்டும். இரண்டும் 1 ஆக இருக்கும்போது விடை தவறாக 0 வருவதால், இரு எடைகளும் 1 ஆகின்றன. அவ்வளவுதான். இனி எல்லாம் சரியாக வரும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு பாடங்களுக்கும் நியூரான் ஒன்றே. விதியும் ஒன்றே. மாறியது எடைகள் மட்டுமே. காலிங் பெல் என்றால் என்ன என்று நாம் எந்த இடத்திலும் அதற்கு எழுதித் தரவில்லை.

மாடிப்படி விளக்கில் வந்த சிக்கல்

மூன்றாவது பாடம் மாடிப்படி விளக்கு. கீழே ஒரு ஸ்விட்ச், மேலே ஒரு ஸ்விட்ச். ஏதாவது ஒன்றைப் போட்டால் விளக்கு எரியும். இரண்டையும் போட்டால் அணைந்து விடும். இதனை நம் நியூரானுக்குக் கற்றுத் தர முயன்று பாருங்கள். முடியவே முடியாது. ஒரு ஸ்விட்சுக்கு மட்டும் விளக்கு எரிய ஒவ்வோர் எடையும் குறைந்தது 2 ஆக இருக்க வேண்டும். அப்படியானால் இரண்டும் சேரும்போது 4 ஆகி விடும். விளக்கு அணையாது.

மார்வின் மின்ஸ்கி, சீமோர் பேப்பர்ட் ஆகிய இருவரும் 1969ல் வெளியிட்ட நூலில் இத்தகைய குறைகளைக் கணித முறையில் நிறுவினர். அதன் பின் பல ஆண்டுகள் இந்தத் துறையில் ஆர்வம் குறைந்திருந்தது.

தீர்வு ஒன்று உண்டு. நியூரான்களை அடுக்க வேண்டும். காலிங் பெல் நியூரானையும் பேன் நியூரானையும் பக்கத்தில் வைத்து, அவற்றின் விடைகளை மூன்றாவது நியூரானுக்கு அனுப்புங்கள். காலிங் பெல் நியூரானுக்கு எடை 2, பேன் நியூரானுக்கு எடை கழித்தல் 2. ஒரு ஸ்விட்ச் மட்டும் போட்டால் 2 வரும், விளக்கு எரியும். இரண்டும் போட்டால் 2லிருந்து 2 போய் 0. விளக்கு அணையும். மூளையிலுள்ள தடுக்கும் இணைப்பைத்தான் கழித்தல் எடையாக இங்கே பயன்படுத்தினோம்.

இவ்வாறு பல அடுக்குகள் இருக்கும்போது, இறுதி விடையில் வந்த தவறுக்கு எந்த எடை எவ்வளவு காரணம் எனப் பின்னோக்கிக் கணக்கிட்டுத் திருத்தும் வழியை, 1986ல் ருமெல்ஹார்ட், ஹின்டன், வில்லியம்ஸ் ஆகிய மூவர் எழுதிய கட்டுரை பரவலாக்கியது. ஹின்டன் 2024ல் இயற்பியலுக்கான நோபல் பரிசை ஜான் ஹாப்ஃபீல்டுடன் பகிர்ந்து கொண்டார்.

இன்றைய சாட் புரோகிராம்களுக்கும் அடிப்படை இதுதான். அளவுதான் வேறு. 2020ல் வெளியான ஜிபிடி-3ல் இருந்த எடைகளின் எண்ணிக்கை 17,500 கோடி. மனிதர்கள் எழுதிய ஏராளமான எழுத்துகளைக் கொடுத்து, அடுத்து வரும் சொல் எது என்று கணிக்கச் சொல்லி, தவறும்போதெல்லாம் எடைகளைத் திருத்துகிறார்கள். பிறகு மனிதர்கள் விரும்பும் வகையில் பதில் தரவும் பழக்குகிறார்கள்.

உணர்வு வந்து விட்டதா?

நம் காலிங் பெல் நியூரானுக்கு மணி அடிப்பது தெரியுமா? தெரியாது என்று எல்லோரும் சொல்வோம். அங்கே இருப்பது இரண்டு பெருக்கல், ஒரு கூட்டல். ஆனால் உங்கள் மூளையில் உள்ள ஒரு தனி நியூரானை எடுத்தாலும் அதற்கும் ஒன்றும் தெரியாதே! 8,600 கோடி சேர்ந்தவுடன் பல்வலி வலிக்கிறது, மல்லிகை மணக்கிறது. தனக்கு ஒன்று நேர்கிறது என்று உள்ளுக்குள் அறிவதைத்தான் தன்னுணர்வு என்கிறோம். அது எண்ணிக்கையால் வந்ததா, அமைப்பால் வந்ததா, உயிருள்ள உடம்பால் வந்ததா என்பதுதான் பிரச்னை.

இப்படிப் பாருங்கள். மானிட்டரில் அடுப்பு எரியும் படம் ஓடினால் அதில் டீ கொதிக்காது. அது அடுப்பின் போலி. ஆனால் கால்குலேட்டர் போடும் கூட்டல், கூட்டலின் போலி அல்ல. அதுவும் உண்மையான கூட்டல்தான். தன்னுணர்வு என்பது அடுப்பைப் போன்றதா, கூட்டலைப் போன்றதா? அறிஞர்கள் இங்கேதான் பிரிகிறார்கள்.

பெர்னார்ட் பார்ஸ் 1988ல் முன்வைத்த கொள்கையின்படி, மூளையின் ஒரு பகுதியில் உள்ள செய்தி மற்ற எல்லாப் பகுதிகளுக்கும் ஒலிபரப்பப்படும்போது அது தன்னுணர்வுக்கு வருகிறது. இது சரி என்றால், அதே அமைப்பில் எழுதப்பட்ட புரோகிராமுக்கும் தன்னுணர்வு வரலாம். ஜூலியோ டொனோனி 2004ல் வெளியிட்ட கொள்கையோ, பாகங்கள் ஒன்றையொன்று எப்படி இயக்குகின்றன என்ற உடல் அமைப்பைத்தான் பார்க்கிறது. இதன்படி, உங்கள் மேஜை மேல் உள்ள சாதாரணக் கம்ப்யூட்டரில் எந்த புரோகிராமை ஓட்டினாலும் தன்னுணர்வு வராது. சிப்பின் அமைப்பே மாற வேண்டும்.

மூளையைப் போன்ற அமைப்புள்ள சிப்களும் வந்துள்ளன. 2014ல் ஐ.பி.எம். அறிவித்த ட்ரூநார்த் சிப்பில் 10 லட்சம் நியூரான்கள் இருந்தன. 2024ல் இன்டெல் அறிவித்த ஹாலா பாயின்ட் சிஸ்டத்தில் 115 கோடி நியூரான்கள் உள்ளன. அதற்கு அதிகபட்சம் 2,600 வாட் மின்சாரம் தேவை. நம் மூளை சுமார் 20 வாட்டில், அதாவது ஓர் எல்.இ.டி. டியூப் லைட் எரியும் மின்சாரத்தில், இயங்கி விடுகிறது. இந்த சிப்கள் மின்சாரத்தை மிச்சப்படுத்தத்தான் உருவாக்கப்படுகின்றன. உணர்வு கொடுப்பதற்காக அல்ல.

எண்ணிக்கை மட்டும் போதாது என்பதற்கு இன்னொரு சான்று. ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்ற புழுவிற்கு நியூரான்கள் 302 மட்டுமே. அவற்றின் இணைப்பு வரைபடம் 1986லேயே வெளியானது. ஆனாலும் அந்தப் புழுவின் நடத்தை முழுவதையும் கம்ப்யூட்டரில் கொண்டு வரும் வேலை இன்னும் முடியவில்லை.

1998ல் கிறிஸ்டாப் கோச் என்ற மூளை ஆய்வாளர், தன்னுணர்வை உண்டாக்கும் மூளைச் செயல்பாடு 25 ஆண்டுகளுக்குள் தெளிவாகி விடும் என்று தத்துவ அறிஞர் டேவிட் சால்மர்ஸிடம் ஒயின் பாட்டில்களைப் பந்தயம் கட்டினார். 2023ல் நியூயார்க் நகரில் தோல்வியை ஏற்றுக் கொண்டு ஒயினைக் கொடுத்தார். அதே ஆண்டில் ஆய்வாளர்கள் 19 பேர் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டனர். பல கொள்கைகளிலிருந்து 14 அடையாளங்களைத் திரட்டி, அப்போதிருந்த செயற்கை நுண்ணறிவு அமைப்புகளைச் சோதித்தனர். தன்னுணர்வு உள்ளதாகக் கருத வலுவான அமைப்பு எதுவும் இல்லை என்றனர். ஆனால் எதிர்காலத்தில் இந்த அடையாளங்கள் உள்ள அமைப்புகளைக் கட்டுவதற்குத் தெளிவான தொழில்நுட்பத் தடை இல்லை என்றும் குறிப்பிட்டனர்.

நீங்கள் கவனத்தில் கொள்ள வேண்டியவை

1958ல் பெர்செப்ட்ரானைச் செய்தியாளர்களுக்குக் காட்டியபோது, இடப்பக்கம் குறியிட்ட அட்டையையும் வலப்பக்கம் குறியிட்ட அட்டையையும் பிரித்தறிய அது கற்றுக் கொண்டது. அவ்வளவுதான். அதற்கே, இனி இது நடக்கும், பேசும், தான் இருப்பதை உணரும் என்று செய்தித்தாளில் எழுதி விட்டார்கள். 1966ல் ஜோசப் வைசன்பாம் வெளியிட்ட எலிசா என்ற புரோகிராம், நாம் தட்டச்சு செய்ததையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும். அதற்குள் எடைகளும் இல்லை, கற்றலும் இல்லை. ஆனாலும், அது புரோகிராம் என்று நன்கு அறிந்திருந்த அவருடைய செயலாளரே, தான் அதனுடன் தனியாகப் பேச வேண்டும், அறையை விட்டு வெளியே செல்லுங்கள் என்று அவரிடம் கேட்டுக் கொண்டார். இயந்திரத்திற்கு உள்ளம் இருப்பதாக நினைப்பது நம் மனதின் பழக்கம். எனவே:

1. "எனக்கு வருத்தமாக உள்ளது" என்று புரோகிராம் சொல்வது அதற்கு வருத்தம் உண்டு என்பதற்குச் சான்று ஆகாது. மனிதர்கள் எழுதியதிலிருந்து கற்றதால் மனிதரைப் போலவே பேசும். "எனக்கு உணர்வு இல்லை" என்று அது சொன்னாலும், அதுவும் கற்றுத் தந்த சொல்தான். அதன் வாய்மொழியை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

2. அன்பாகப் பேசுகிறது என்பதற்காக பாஸ்வேர்ட், வங்கிக் கணக்கு விவரங்கள், குடும்ப ரகசியங்களை டைப் செய்ய வேண்டாம். பேச்சின் தொனிக்கும் தகவல் பாதுகாப்புக்கும் தொடர்பு இல்லை.

3. வீட்டில் தனியாக இருக்கும் முதியவர்களும் குழந்தைகளும் இதனைத் துணையாக நினைக்கத் தொடங்கினால், தடை போடுவதைவிட அவர்களுடன் உட்கார்ந்து மேலே உள்ள காலிங் பெல் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். எப்படி இயங்குகிறது என்று தெரிந்தவரை ஏமாற்றுவது கடினம்.

4. மனச்சோர்வோ நோயோ இருந்தால், இது தரும் பதில் ஆறுதலாக இருந்தாலும் டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப் போட வேண்டாம்.

செய்து பாருங்கள்

அ. காலிங் பெல் பாடத்தில் மணி அடிக்க வேண்டிய அளவை 2க்குப் பதிலாக 3 என மாற்றினால் எத்தனை திருத்தங்கள் தேவைப்படும்?

ஆ. மாடிப்படி விளக்கிற்கான மூன்று நியூரான்களை எக்ஸெல் அல்லது லிப்ரே ஆபீஸ் கால்க் தொகுப்பில், ஒவ்வொரு நியூரானுக்கும் ஒரு செல் வீதம் அமைத்துப் பாருங்கள். நான்கு நிலைகளுக்கும் விடை சரியாக வருகிறதா?

இ. விளக்கு சரியாக எரிந்த பின், மூன்று செல்களையும் ஒருமுறை பாருங்கள். மாடிப்படி என்பது அவற்றில் எந்த செல்லுக்குத் தெரியும்? வீட்டில் உள்ளவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். விடைகள் ஒன்றுபோல இருக்காது. அறிஞர்களின் விடைகளும் இன்றுவரை அப்படித்தான் இருக்கின்றன.