மறுமொழி யாரைச் சேரும்?

நுழையும்முன்

கடிதம் எழுதும்போது அனுப்புநர், பெறுநர் என இரு முகவரிகளை எழுதுகிறோம். மின்னஞ்சலிலும் அவை உண்டு. மறுமொழிக்கென மூன்றாவது முகவரி ஒன்றும் அதில் இருக்கக்கூடும். அதன் பணியை இப்பாடத்தில் அறிவோம்.

பாடம்

திருவனந்தபுரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் சில ஒரு மடலாடற்குழு வைத்திருப்பதாகக் கொள்வோம். குழுவின் முகவரிக்கு ஒருவர் மடல் அனுப்பினால், அது உறுப்பினர் அனைவரையும் அடையும். பத்மநாபபுரம் அரண்மனைக்குச் சுற்றுலா செல்வது குறித்து ஆசிரியை ஒருவர் குழுவுக்கு எழுதுகிறார். மாணவி ஒருத்தியின் தந்தைக்கு அம்மாதம் வேலை இல்லை. "கட்டணத்தை அடுத்த மாதம் செலுத்தலாமா?" என ஆசிரியையிடம் மட்டும் கேட்க எண்ணி, அவள் மறுமொழிப் பொத்தானை அழுத்துகிறாள். அம்மடல் யாரைச் சேரும்?

விடை, வந்த மடலின் தலைப்பகுதியில் உள்ளது. அனுப்புநர், பெறுநர், நாள், பொருள் ஆகியவற்றோடு 'ரிப்ளை-டு' என்னும் வரியும் அங்கு இருக்கலாம். 1982ஆம் ஆண்டு வெளியான ஆர்.எஃப்.சி. 822 என்னும் மின்னஞ்சல் விதித்தொகுப்பிலேயே இவ்வரி இடம்பெற்றுள்ளது. இவ்வரி இல்லையெனில், மறுமொழி அனுப்புநருக்குச் செல்லும்; இருந்தால், அதில் குறித்த முகவரிக்குச் செல்லும்.

சில குழுக்களின் கணினி, மடலைப் பகிரும்போது ரிப்ளை-டு வரியில் குழுவின் முகவரியை இடுகிறது. அதனால் உரையாடல் அனைவர் முன்னும் தொடர்கிறது. இதன் பயனைத் தமிழர் நன்கறிவர். 1990களில் தமிழ் எழுத்துருக்கள் பல தனித்தனிக் குறியீடுகளைக் கொண்டிருந்தன. அதனால் ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க இயலாமல் போவதுண்டு. பல நாடுகளில் வாழ்ந்த தமிழர், தமிழ்.நெட் வழியே மடல்களில் விவாதித்து, 'திஸ்கி' என்னும் பொதுக் குறியீட்டை உருவாக்கினர். மறுமொழிகள் தனித்தனியே சென்றிருந்தால், அவ்விவாதம் சிதறியிருக்கும்.

ஆயினும், இவ்வமைப்பில் இடரும் உண்டு. ஒருவருக்கு மட்டும் எழுதியது ஊருக்கே சென்றுவிடக்கூடும். அனைவருக்கும் உரியது ஒருவருக்கு மட்டும் சென்றால், மீண்டும் அனுப்பலாம். ஒருவருக்கு உரியது அனைவருக்கும் சென்றால், திரும்பப் பெற இயலாது. எனவே, ரிப்ளை-டு வரியை மாற்றலாகாது என்பாரும் உளர். 1998இல் 'லிஸ்ட்-போஸ்ட்' என்னும் வரி வகுக்கப்பட்டது. குழுவின் முகவரியை இது தனியே குறிக்கிறது. இதனை அறியும் மென்பொருள்கள், 'அனுப்பியவருக்கு', 'குழுவுக்கு' என இரு பொத்தான்களைத் தர இயலும்.

அந்த மாணவி மடலை அனுப்புமுன் பெறுநர் வரியைப் பார்க்கிறாள். அங்கே குழுவின் முகவரி நிற்கிறது. அதனை நீக்கி, ஆசிரியையின் முகவரியை எழுதி அனுப்புகிறாள். அவள் குடும்பத்தின் நிலை ஆசிரியை ஒருவருக்கே தெரிகிறது.

சொல்லும் பொருளும்

மடலாடற்குழு – மின்னஞ்சல் வழி உரையாடும் குழு
இடர் – துன்பம்
உளர் – உள்ளனர்

பயிற்சி

1. ரிப்ளை-டு வரி இல்லாத மடலுக்கு எழுதும் மறுமொழி யாருக்குச் செல்லும்?
2. திஸ்கி உருவாகப் பொதுவான மறுமொழிகள் எவ்வாறு உதவின?
3. உன் வகுப்புக்கு ஒரு மடலாடற்குழு அமைத்தால், மறுமொழி குழுவுக்குச் செல்ல வேண்டுமா, அனுப்பியவருக்குச் செல்ல வேண்டுமா? காரணத்துடன் ஐந்து தொடர்களில் எழுதுக.