சத்தம் வருகிறது, படம் வரவில்லை

கேள்வி: 1989இல் என் அண்ணன் துபாயிலிருந்து வாங்கி வந்த வீடியோ டெக் இன்னும் எங்களிடம் இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் கீழ்வீடு மூழ்கியபோது, டெக்கும் கேசட்டுகளும் மாடிப் பரணில் இருந்ததால் தப்பின. எங்கள் கல்யாண கேசட்டைப் பேத்திக்குக் காட்டலாமென்று போட்டோம். நாதஸ்வரம், பேச்சு எல்லாம் சுத்தமாகக் கேட்கிறது. படம் கொஞ்ச நேரம் நன்றாக வந்தது. பிறகு ஒரே வெள்ளைப் பொரி, பின்னால் ஆட்கள் நிழலாகத் தெரிகிறார்கள். சில சமயம் ஐந்தாறு நொடியில் தானாகவே நின்றுவிடுகிறது. கேசட்டை எடுத்தால் நாடா வெளியே தொங்குகிறது. ‘ஹெட் போச்சு, தூக்கிப் போட்டுடுங்க’ என்கிறார் கடைக்காரர். உண்மையா?
– ஒரு வாசகி, முடிச்சூர்

பதில்: தூக்கிப் போடாதீர்கள். அதே சமயம், கல்யாண கேசட்டை இப்போதைக்கு அந்த டெக்கில் போடவும் வேண்டாம். போனால் போகட்டும் என்று விடக்கூடிய பழைய சினிமா கேசட் ஒன்றை வைத்தே எல்லாச் சோதனையும் நடக்கட்டும்.

நாதஸ்வரம் சுத்தமாகக் கேட்கிறது என்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. ஒலியை எடுக்கும் ஹெட் அசையாமல் நிற்பது. நாடாவின் மேல் விளிம்பு அதை உரசிக்கொண்டு போகும். சுருதி பிசகவில்லை என்றால் நாடா சரியான வேகத்தில் ஓடுகிறது, மோட்டாருக்கு ஒன்றுமில்லை. படத்தை எடுக்கும் ஹெட்டுகள் வேறு. 62 மி.மீ. விட்டமுள்ள டிரம்மில் அவை பதிந்திருக்கும். இந்தியாவிலும் துபாயிலும் உள்ள பி.ஏ.எல். முறையில் அந்த டிரம் நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றும். இரண்டு ஹெட்டும் மாறி மாறிப் படிக்கும். ஒவ்வொன்றும் படிக்கிற தடத்தின் அகலம் வெறும் 49 மைக்ரான். ஒன்றின் முனையில் துளி அழுக்கு ஒட்டினாலும் ஒரு பாதிக்குப் படமும் மறுபாதிக்குப் பொரியும் கலந்து வரும். தேய்ந்துபோன ஹெட் நாள்பட மங்கிக்கொண்டே வரும். நல்ல படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பொரிந்ததால், உங்களுடையது அழுக்கு என்றே நினைக்கிறேன்.

அழுக்கு எங்கிருந்து வந்தது? கேசட்டின் கண்ணாடி ஜன்னல் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். சுருளின் மேல் வெள்ளைத் திட்டுகளோ மாவு படிந்த மாதிரியோ தெரிந்தால் அது பூஞ்சை. தண்ணீர் தொடாவிட்டாலும், வெள்ளம் வடிந்த வீட்டின் ஈரக்காற்றே அதற்குப் போதும். பூஞ்சை இருந்தால் அதைத் துடைத்து நகல் எடுத்துத் தரும் ஆளிடம்தான் கேசட்டைக் கொடுக்க வேண்டும்.

இனி ஹெட். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மேல்மூடியைக் கழற்றுங்கள். பிடுங்கிய பிறகும் பவர் சப்ளையில் மின்சாரம் தங்கியிருக்கும், அந்தப் பக்கம் விரல் போகவே கூடாது. ஜெராக்ஸ் தாளில் ஒரு துண்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, டிரம்மின் பக்கவாட்டில் லேசாக வைத்து அசையாமல் பிடியுங்கள். மறுகையால் டிரம்மின் மேற்புறத்தைப் பிடித்து மெதுவாகச் சுற்றுங்கள். தாளில் பழுப்புக் கோடு விழும். கோடு விழுவது நிற்கும்வரை தாளை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட் முனை உடைந்துவிடும். காது குடையும் பஞ்சுக் குச்சி வேண்டவே வேண்டாம், அதன் நூல் முனையில் மாட்டி இழுக்கும். நன்றாக உலர்ந்த பிறகே கரண்ட்.

தானாக நிற்பது வேறு கோளாறு. நாடாவை வாங்கிச் சுற்றும் தட்டு சுழலாவிட்டால் டெக் அதை உணர்ந்து, நாடாவைக் காப்பாற்றத் தானே நின்றுவிடும். சுற்றப்படாத நாடாதான் வெளியே தொங்குகிறது. இரண்டு தட்டுகளுக்கும் நடுவே போய் வரும் சின்னச் சக்கரமான ஐட்லரின் ரப்பர் காய்ந்து பளபளத்துப் போயிருக்கும். ஆல்கஹாலால் துடைத்தால் கொஞ்ச நாள் பிடிக்கும். நிரந்தரத் தீர்வு புது ரப்பர். சென்னை ரிச்சி தெருவில் அளவைக் காட்டிக் கேட்டுப் பாருங்கள். பெல்ட்டையும் அப்போதே மாற்றிவிடலாம்.

சுத்தம் செய்தும் பொரி போகவில்லை என்றால் டிராக்கிங் குமிழைத் திருகுங்கள். பொரி நகர்ந்தால் டிராக்கிங் கோளாறு. படத்தின் மேல்பகுதியில் மட்டும் நிலையாக நின்றால், நாடா டிரம்முக்குள் நுழையும் இடத்திலுள்ள கைடு இறங்கியிருக்கலாம். அதை அனுபவமுள்ள மெக்கானிக்தான் தொட வேண்டும். ஹெட்டே போயிருந்தால் புது டிரம் கிடைப்பது அரிது. ஜப்பானின் ஃபுனாய் 2016இல் உற்பத்தியை நிறுத்தியதோடு புது டெக் வருவதே நின்றுவிட்டது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் அதே மாடல் பழைய டெக் தட்டுப்படுகிறதா என்று காலையிலேயே போய்த் தேடுங்கள். வேறு மாடலின் டிரம் பெரும்பாலும் பொருந்தாது.

சோதனைக் கேசட் ஒன்றரை மணி நேரம் தடங்கலின்றி ஓடினால், கல்யாண கேசட்டுக்கு வாருங்கள். அதன் முதுகில் இருக்கும் சிறிய பிளாஸ்டிக் தாவலை உடைத்துவிடுங்கள். கை தவறி ரெக்கார்டு பட்டனை அழுத்தினாலும் எதுவும் அழியாது. முதல் ஓட்டத்திலேயே கணினியில் நகல் எடுத்துவிடுங்கள். பேத்தி அந்த நகலைப் பார்க்கட்டும்.